விரும்பிப் போனவளுக்கு ஒரு மடல்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புத் தோழிக்கு,

உன் மடல் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். பினாங்கில் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. ஆனாலும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியே தீருவாராம்.

"நானாகத்தானே பெர்த்துக்கு வந்தேன், அழ எனக்கு என்ன உரிமை?" என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. என்னிடம் கவுன்சலிங்குக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சைபர்ஜெயாவுக்குக் கணினி வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். போருக்குத் தப்பி ஓடியவர்மேல் ஊர் இரக்கப்படும். விரும்பிப் போனவரை, "நீயாத்தானே போனே" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடும்.

'கலாச்சார அதிர்ச்சி' பற்றி மானிடவியலாளர் ஓபர்க் 1954இல் பேசினார்: முதலில் தேனிலவு, பிறகு எரிச்சல், கடைசியில் பழகிவிடும். புதிதாக வந்தவருக்கு அது பொருந்தும். சாப்பாடும் சாலையும் எப்போதோ பழகிப்போய், பல ஆண்டு கழித்து அழுகிறவருக்கு அது போதவில்லை. எனக்குக் கைகொடுத்தது அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ் (Pauline Boss) என்பவரின் சிந்தனை. வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இழப்புக்கு முடிவு வராது என்றார். புலம்பெயர்ந்தவர்களின் ஏக்கத்தையும் அதில் சேர்த்தார். செத்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு. விட்டு வந்த ஊருக்கு என்ன செய்வது? அது அங்கேயேதான் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறது.

அதனால் 'திரும்பிப் போகலாமா' என்பதை நான் முதலில் எடுப்பதே இல்லை. எதை விட்டு வந்தீர்கள், எது தாங்காமல் கிளம்பினீர்கள் என்று கேட்பேன். இரண்டாவதற்குப் பதில் வரத்தான் நாளாகும். சொந்த வீட்டிலேயே மூச்சு முட்டியதால் கிளம்பியவர்கள் நிறைய. அவர்களுக்கு ஏக்கமும் இருக்கும், தப்பித்த நிம்மதியும் இருக்கும். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆகாது. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோழிக்கு நானே சிகிச்சை தரக்கூடாது. உன் குடும்ப டாக்டரிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தரச் சொல். ஆண்டுக்கு 10 அமர்வு வரை, ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். அங்கே யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று பலகை மாட்டலாம்; சைக்காலஜிஸ்ட் என்றால் பதிவு கட்டாயம், அதைப் பார்த்துக்கொள். தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பாவைப் பற்றி நீ ஆங்கிலத்தில் அழுது நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். உனக்கும் எனக்கும் ஒரே மணிதானே, பசியாறிவிட்டு உட்கார்.

உன் தோழி