அழுகைக் கோச்சியை எழுத வைத்தவர்களுக்கு

அன்புக்குரிய எல்லோருக்கும் வணக்கம்.

பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் எங்கள் எழுத்துப் பயிற்சி வகுப்பு நிறைவுற்றுவிட்டது. அதற்காக நான் எழுதிய நீண்ட கட்டுரை, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பங்களையும் அவர்கள் அனுப்பிய கடிதங்களையும் பற்றியது. கட்டுரையின் தலையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அதை எழுதவைத்தவர்கள் பலர். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் கட்டுரையைக் கையளிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எங்கள் மிஸ்ஸுக்கு. சாதாரணதரப் பரீட்சைக்குக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். மலையகம் என்று தலைப்பு வந்தால் வியர்வை, இரத்தம், பச்சைக் கம்பளம் எல்லாம் கேட்காமலே வந்து வரிசையில் நிற்கும். நீங்கள் அவற்றைச் சிவப்பு மையால் வெட்டவில்லை. ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதிவைத்தீர்கள். யார் போனார்கள்? எந்த மாதம்? எதை எடுத்துக்கொண்டார்கள்? எதை விட்டுப்போனார்கள், யாரிடம்? இந்தக் கேள்விகளுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்தது. கேட்டு எழுதலாம், கேட்டுத்தான் எழுதவேண்டும் என்று எனக்குப் பழக்கியது அந்த ஓரக்குறிப்புகள்தாம். நாளை நானும் ஒரு வகுப்பறையில் நிற்கப்போகிறவள். பிள்ளைகளுக்குக் கட்டுரையை மனப்பாடமாகக் கொடுப்பது அவர்களுடைய வாயை அடைப்பதற்குச் சமம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி, நீங்கள் இதை வாசிக்கப்போவதில்லை. அம்மா வாசித்துக் காட்டுவார். பொகவந்தலாவையிலிருந்து அட்டன் ஸ்டேசன்வரை உங்கள் தம்பியின் குடும்பத்தோடு லொறியில் போனதையும், கோச்சி, அதாவது ரயில், நகர்ந்ததும் மேடை முழுவதும் ஒப்பாரி எழுந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று சனங்கள் ஏன் பெயர் வைத்தார்கள் என்பதை அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. சுமந்துபோக முடியாத அம்மியை உங்கள் தம்பி உங்களிடம் விட்டுப்போனார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதில் அரைத்த சம்பலைத் தின்று வளர்ந்தவள் நான். கட்டுரை அந்த அம்மியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற எங்கள் தோட்டப் பாடசாலை மாஸ்டருக்கு அடுத்த நன்றி. எங்கள் சனங்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்காவிட்டால் 1964 விளங்காது என்று என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினீர்கள். இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாயி சொன்ன மேடையையும் இந்த எண்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும் துணிவு எனக்கு உங்களால் வந்தது.

அட்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நாவலப்பிட்டி, பேராதனை, பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் என்று பாதையை விரலால் மேசையில் வரைந்து காட்டினீர்கள்.

இனி, மேல் லயத்துப் பெரியப்பா. உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. அந்தக் காலத்தில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். வாசிக்கத் தெரியாத வீடுகளுக்கெல்லாம் நீங்கள்தான் வாசித்தீர்கள், நீங்கள்தான் பதில் எழுதினீர்கள். உறையைப் பிரித்ததும் முதலில் மனதுக்குள் வாசித்துவிடுவீர்களாம். சாவுச் செய்தி என்றால் உடனே சொல்லமாட்டீர்களாம். ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அடுத்த காம்பராக்காரர்களும் (பக்கத்து அறை வீட்டாரும்) வந்து இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்த பிறகுதான் குரலெடுத்து வாசிப்பீர்களாம். வாசிப்பவர் ஒருவர் எதிரே இருக்கிறார், அவருக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுத்தந்த வகுப்பு உங்கள் இஸ்தோப்புத்தான். எதை முதலில் சொல்வது, எதைச் சற்றுத் தாமதித்துச் சொல்வது என்று ஒவ்வொரு பத்தியிலும் உங்களை நினைத்தே முடிவெடுத்தேன்.

தமிழ்நாட்டு நீலகிரியின் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்த கடிதங்களைத் தகரப் பெட்டியில் இன்றுவரை காத்துவைத்திருக்கிறீர்கள். மடிப்பில் கிழிந்தவற்றை என்னை நம்பி எடுத்துத் தந்தீர்கள். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் குளிர்தான், ஆனால் எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அந்த வரியை எந்த விளக்கமும் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

விடுதி அறைத்தோழிக்கு: மட்டக்களப்புக்காரியான நீ எங்கள் தோட்டத்துச் சொற்களான பெரட்டையும் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) பிள்ளைக்காம்பராவையும் (பிள்ளை பராமரிப்பு நிலையம்) கொழுந்து மடுவத்தையும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) சலிக்காமல் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டாய். இரவில் நீ உரக்க வாசித்தபோது உன் நாக்கு தடுக்கிய இடங்களிலெல்லாம் வாக்கியத்தை உடைத்து எழுதினேன்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து வந்த பணத்தில் எனக்குக் கொப்பிகள் வாங்கித் தந்தீர்கள். மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த களைப்போடு, அம்மாயி மறந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தீர்கள். கட்டுரையில் ஒரு பெயரும் பிழையாகப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள்.

கட்டுரையின் பிரதிகளைப் பெரியப்பாவிடமும் மாஸ்டரிடமும் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வாங்கி வாசிக்கலாம். கடிதங்களை ஒன்றும் ஆகாமல் பெட்டியில் திருப்பி வைத்தாயிற்று. பணிய லயத்தில், அதாவது கீழ் லயத்தில், இரண்டு வீட்டார் தங்களிடமும் பழைய கடிதங்கள் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சித்திரை விடுமுறைக்கு வரும்போது உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். அதுவரை அவற்றை ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை,
பத்தனைக் கல்வியியற் கல்லூரி மாணவி