சிரிக்காதே மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் பேரன் அனுப்பிய வீடியோவும் ஒரே நாளில் கிடைத்தன. நாய் நல்ல பகிடிக்காரன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். வீடியோவில் அது தன் வாலைப் பிடிக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, தங்கச்சி கைதட்டுகிறாள், நீ "பிடி, பிடி, விடாதே" என்று உற்சாகப்படுத்துகிறாய். கதவு நிலையில் தலை மோதிய பிறகும் அது நிற்கவில்லையே, கவனித்தாயா? அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ப் புதினங்கள் பிறகு இருக்கட்டும்.

குட்டி நாய் இடைக்கிடை வாலைத் துரத்துவது விளையாட்டுத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடி வரும். உன்னுடையது வளர்ந்த அல்சேஷன். கூப்பிட்டாலும் கேட்காமல், சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டினாலும் திரும்பாமல், வாலில் மயிர் உதிரும்வரை சுற்றுவதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. பேராதனையில் கால்நடை மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகளிடம் வீடியோவைக் காட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "சித்தப்பா, அதன் பின்பக்கத்தை யாராவது பார்த்தார்களா?"

நாயின் குதத்துக்கு இரு பக்கமும் இரண்டு சிறு சுரப்பிப் பைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் வலியும் அரிப்பும் தாங்காமல் நாய் வாலடியைக் கடிக்கும், நிலத்தில் குந்தியபடி தேய்த்துக்கொண்டு போகும். தெள்ளுக் கடி ஒவ்வாத நாய்க்கும் வாலின் அடியில்தான் அரிப்பு மோசம். தெள்ளை விழுங்கிய நாய்க்கு நாடாப்புழுவும் வரும். இடுப்புப் பக்க முதுகெலும்பில் வலி, வாலில் பழைய காயம், ஏன், ஒருவகை வலிப்புக்கூட இப்படிச் சுற்ற வைக்கலாம் என்கிறாள். ஆகையால் முதலில் கால்நடை வைத்தியர். அந்த வீடியோவையும் கொண்டு போ. வைத்தியரின் மேசையில் ஏறியதும் எந்த நாயும் நல்ல பிள்ளையாகிவிடும், நீ சொல்வதை அவர் நம்பமாட்டார்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் பிறகு மனசு. அல்சேஷனும் புல் டெரியரும் இந்தப் பழக்கத்துக்குப் பேர்போன இனங்கள். பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 368 நாய்களைப் பற்றிச் செய்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. வாலைத் துரத்தும் நாய்களில் பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு மாத வயதிலேயே தொடங்கிவிட்டனவாம். தாயிடமிருந்து வெள்ளெனப் பிரிக்கப்பட்ட குட்டிகளும் பயந்த சுபாவமுள்ளவையும் அவற்றில் கூடுதலாக இருந்தன. உன் பேரன் அந்தக் குட்டியை எத்தனை கிழமையில் வாங்கி வந்தான் என்று விசாரித்துப் பார். அதை இனி மாற்ற முடியாது என்றாலும் வைத்தியர் கேட்பார்.

மாற்றக்கூடியது உங்கள் சிரிப்பு. வாலைத் துரத்தும் நாய்களை எடுத்து இணையத்தில் போட்ட வீடியோக்களை இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் பின்னால் சிரிப்பொலி கேட்டதாம். படித்தபோது உன் குரல்தான் என் காதில் விழுந்தது! நாய்க்கு நீ சிரிப்பதும் ஒன்று, ஏசுவதும் ஒன்று. சும்மா படுத்திருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சுற்றினால் வீடே திரளுகிறது என்றால் அது எதைத் தெரிவு செய்யும்? அடிப்பது இன்னும் மோசம். பதற்றத்தால் சுற்றும் நாயை அடித்தால் பதற்றம்தான் கூடும். வாலில் மிளகாய்த்தூள் பூசச் சொல்லும் ஞானிகள் உன் தொடர்மாடியிலும் இருப்பார்கள். கிட்ட விடாதே.

எங்கள் வீட்டு வீரனின் கதையை நான் உனக்கு எழுதவில்லை. பக்கத்து வளவுக்காரர் கனடா போனபோது விட்டுச் சென்ற நாய் அது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் மாமரத்தடியில் சங்கிலியில் கட்டிவிட்டு, சோற்றை வைப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி, வால் நுனியைக் கடித்துப் புண்ணாக்கி, மதிலெல்லாம் இரத்தம். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். வைத்தியர் புண்ணுக்கு மருந்து போட்டு, கடிக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டார். அது கழன்ற பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

சுற்று வேகம் பிடித்த பின் நிறுத்துவது கடினம். அதற்கு முன் ஒரு கணம் இருக்கிறது: காது விறைக்கும், பார்வை பின்னால் போகும். அப்போது அமைதியாகப் பெயரைச் சொல்லி, "இரு" என்று சொல்லி, இருந்ததும் ஒரு துண்டு கருவாடு. எது கிளப்பிவிடுகிறது என்று என் மனைவி ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். படலைச் சத்தம், வெடிச் சத்தம், நான் செருப்பு மாட்டுவது. செருப்பை மாட்டிக்கொண்டு எங்கும் போகாமல் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கொஞ்ச நாளில் வீரனுக்குச் செருப்பு அலுத்துவிட்டது. காலைச் சோற்றையும் கோப்பையில் வைப்பதில்லை, பழைய துவாயில் உருண்டை உருண்டையாகச் சுருட்டிக் கொடுக்கிறோம். மோப்பம் பிடித்துத் தேடி எடுப்பதற்குள் வாலின் நினைப்பே போய்விடுகிறது. இப்போதும் கோயில் திருவிழாவில் வெடி போட்டால் சுற்றத்தான் செய்கிறான், ஆனால் கூப்பிட்டால் நிற்கிறான்.

உனக்கு வளவு இல்லை, மூன்றாம் மாடி. அதனால் விடிய வெயில் ஏறுமுன் கொழும்பு மரைன் டிரைவ் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போ. அவசரப்படுத்தாமல் மணக்க விடு, நடப்பதைவிட மோப்பம்தான் அதற்குப் பெரிய வேலை. பேரன் சுவரில் அடித்து விளையாடும் அந்தச் சிவப்பு லேசர் விளக்கை வாங்கி அலுமாரியில் பூட்டு. பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தப் பழகிய நாய் பிறகு நிழலையும் துரத்தும். இதற்கெல்லாம் மசியாவிட்டால் வைத்தியர் குளோமிப்ரமின் அல்லது ஃபுளுவொக்செட்டின் போன்ற மருந்து எழுதக்கூடும். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும், நடுவில் நீயாக நிறுத்தக்கூடாது. மனிதர் குடித்து மிஞ்சிய குளிசையைக் கொடுத்துப் பார்க்கும் உன் வைத்தியம் இங்கே வேண்டாம்.

ஊரில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டி முடிப்பதற்குள் மறுபடி சருகு. நிலாவெளியில் வெள்ளைக்காரர் கூட்டம், மீன் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் பஸ் நிலையம்வரை வந்து பொலித்தீன் தின்கின்றன, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

ஆடி விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தாய். வான் வண்டியில் வருவதென்றால் நாயையும் கொண்டு வா, எங்கள் வளவில் ஓடட்டும். மான்களைக் கண்டால் விடாது, தோல்பட்டி உறுதியானதாக வாங்கு. ஹபரணைக்கு இந்தப் பக்கம் இரவில் யானை நிற்கும், விடியப் புறப்படு. அதற்கு முன் வைத்தியர் என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதிப் போடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்