மூன்று தடவை சாப்பிட்டுவிட்டுச் சொல், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"பத்திரிகையில எழுதுற விமர்சகருக்கு என்னக்கா தெரியும், ஆசையாச் சாப்பிடுறவன் நாக்குதான் நிஜம்" என்று, கடை கடையாகப் போய்ச் சாப்பாட்டு வீடியோ எடுக்கிற நீ நேற்று போனில் சொன்னாய். பாதி சரி. மீதியை, மதுரையில் பதினோரு வருஷமாக மெஸ் நடத்துகிற உன் அக்கா சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜொனாதன் கோல்ட் என்று ஒருவர் இருந்தார். ஒரு சட்டப் பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை. பீக்கோ பூல்வார்டு என்கிற ஒரே சாலையில் இருக்கும் எல்லாக் கடையிலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று இருபது சொச்சம் வயதில் இறங்கினார். ஆசைதான், வேறொன்றும் இல்லை. அவருக்குத்தான் 2007-இல், அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் கிடைத்தது. உணவக விமர்சகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. விமர்சகரான பிறகும் ஒரு கடைக்குப் பல தடவை போய்த்தான் எழுதினார்.

ஏன் பல தடவை? நம் அயிரை மீன் குழம்பையே எடுத்துக்கொள். கண்மாயிலிருந்து உயிரோடு வந்தால், பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி எடுக்கலாம். மீன் செத்து வந்த நாளில் என்ன உரசினாலும் வாயில் மண் கடிக்கும். ஒரே நாள் வந்தவனுக்கு இதில் எந்தக் குழம்பு கிடைத்திருக்கும்?

போன மாசம் ஒரு பையன் கேமராவோடு வந்தான். கறிதோசையைப் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தான். மொறுமொறுவென்று இருந்த ஓரம் தொய்ந்தே போயிற்று. ஒரு வாய் வைத்து, மெல்வதற்கு முன்பே "வேற லெவல்" என்றான். இரண்டாவது வாய் வைக்கவில்லை. கிளம்பும்போது, வீடியோ போட எவ்வளவு தருவீங்க என்று உன் மச்சானிடம் கேட்டான். காசை விடு. மிச்சம் கிடந்த அந்தத் தோசையைப் பார்த்த மாஸ்டரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ரூத் ரைக்கல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் உணவக விமர்சகராக இருந்தவர். 1993-இல் லெ சர்க் என்ற பெரிய உணவகத்துக்கு விக் வைத்து, சாதாரண அம்மாவாகப் போனார். காக்க வைத்தார்கள், கவனிக்கவே இல்லை. அவர் யார் என்று தெரிந்த நாளிலோ ராஜ உபசாரம். இரண்டையும் அப்படியே எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிற உனக்கு அந்த முதல் கவனிப்பு கிடைக்கவே கிடைக்காது. அதனால் முதலில் சும்மா போய்ச் சாப்பிடு. பில்லை நீயே கொடு. ஓசியில் சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லிவிடு. 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது.

உனக்கு நல்ல நாக்கு, தம்பி. அம்மா ரசத்தில் மிளகு குறைந்தால் வாசனையிலேயே கண்டுபிடிப்பாய். மெஸ்ஸுக்கு வா, ஆனால் சொல்லாமல் வா. மீன் சரியாக வராத நாளில் ஒரு தடவை வந்து, குழம்பு எப்படி இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். பில் கட்டாயம் போடுவேன்.

அன்புடன்,
அக்கா