கை பட்டுச்சு சார்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மண்டியில் மாங்காய்க் கணக்கு முடியும்வரை நான் மனுஷனே இல்லை என்று உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு நொடியில் போய்விடுமே என்று மகள் கேலி செய்கிறாள். உனக்கு எழுதுவதைக் கட்டைவிரலால் எழுத வராது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஊர் சேதி. செந்தூரா சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விட்டது. பெங்களூராதான் பாவம். கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்லும் விலையில் பறிகூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சாது என்று சிலர் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். தோப்புப் பக்கம் போனால் பழுத்து விழுந்த வாசம் தலையைச் சுற்றுகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவி சீரியலில் வரும் நகையெல்லாம் கவரிங் என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய கிரவுண்டில் செவன்ஸ் ஃபைனல், ஆளுக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. நம்மூர்ப் பையன்களும் ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன்களும். விசில் என் கையில். ஐம்பதை நெருங்கும் வயதில் பதினேழு வயசுப் பசங்களுக்கு ஈடாக ஓடுவது என்றால் சும்மாவா? பாதி ஆட்டம் நடுக்கோட்டில் நின்றபடியேதான் பார்த்தேன். கொடி பிடிக்கவும் ஆள் இல்லை.

நம்மூர் இரண்டு கோல், அவர்கள் ஒன்று. கடைசி நிமிஷம். ஒரு கார்னர், கோல் வாயில் ஒரே கும்பல். யாரோ ஓங்கி அடிக்க, பந்து உள்ளே போகிற போக்கில் போய், சட்டென்று எகிறி மேல்கம்பிக்கு மேலே போய்விட்டது. தலையா, தோளா, கையா, எனக்குத் தெரியவில்லை. முன்னால் நாலு முதுகுகள். ராயக்கோட்டைப் பையன்கள் “ஹேண்ட், ஹேண்ட்” என்று கத்துகிறார்கள். நம்மவர்கள் “தலை சார், தலை” என்று நெற்றியைத் தட்டிக் காட்டுகிறார்கள். கோட்டின் மேல் நின்றிருந்த டிஃபென்ஸ் பையனிடம் போய், “கை பட்டதா தம்பி?” என்று கேட்டேன். அவன் ஒரு தடவை எச்சிலை விழுங்கினான். “பட்டுச்சு சார்” என்றான்.

ரெட் கார்டு, பெனால்டி. வேறென்ன செய்வது? (கார்டு என்றால் கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு உறையை வெட்டிவைத்தது.) பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். அவனுடைய கேப்டன் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எதிர் டீம் பையன் பெனால்டியை அடித்தான். பந்து கம்பிக்கு மேலே பறந்து புளியமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அந்த நிமிஷம், வெளியே போனவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினான் பார், எருது விடும் விழாவில் காளைக்கொம்புத் தட்டியைப் பறித்தவன்கூட அப்படி ஆடமாட்டான். அப்புறம் கல்லெறிந்து மரத்திலிருந்து பந்தை இறக்கியவனும் அவன்தான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரே பையனுக்கு இரண்டு பக்கமும் அடி. நம்மூர்க்காரர்கள், “ரெஃப்ரியே பாக்கல, இவன் எதுக்கு வாயத் தொறந்தான்?” என்றார்கள். ராயக்கோட்டையிலிருந்து வந்த ஒரு மாமா, “கோலைத் திருடிட்டு ஆட்டம் வேறயா, இதுவா பிள்ளை வளர்த்த லட்சணம்?” என்று பெஞ்சைத் தட்டினார். நடுவில் ஒரு காலேஜ் பையன் போனை நீட்டினான். உனக்கே தெரியும், அதில் எந்த உருகுவே ஆட்டக்காரரின் முகம் என்று. சுவாரஸ்.

நீ மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தாயே, 2010. ஜூலை 2ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் உருகுவேயும் கானாவும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி ஆட்டம் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது. அந்தக் காலத்துப் பவர்கட்டில் இரண்டரை மணிவரை கரண்ட் போகாமல் இருந்ததே அதிசயம். கானாவின் முன்டாரி எங்கிருந்தோ அடித்த கோல், உருகுவேயின் ஃபோர்லானின் ஃப்ரீ கிக், ஒன்றுக்கு ஒன்று. எக்ஸ்ட்ரா டைம் முடிகிற நேரம், கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போகிறது. கோட்டின் மேல் நின்ற சுவாரஸ் இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். ரெட் கார்டு. ஜெர்ஸியை வாயில் கவ்வி அழுதுகொண்டே போனவர், சுரங்கப் பாதை வாயில் திரும்பிப் பார்க்கிறார். கானாவின் ஜியான் அடித்த பெனால்டி கம்பியில் மோதிப் பறக்கிறது. சுவாரஸ் குதித்தார். உருகுவே பெனால்டி ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது.

நீ அன்று கானாவுக்காக அழுதாய். ஆப்பிரிக்காவின் கேமரூனும் செனகலும் காலிறுதியோடு நின்றுபோன இடத்தில் இவர்களாவது தாண்டியிருக்கலாமே என்று. (அந்த வாசலை 2022இல் மொராக்கோதான் முதலில் தாண்டியது.) நான் சுவாரஸ் பக்கம் நின்றேன். என் வாதம் சுலபமானது. ஒளித்துச் செய்யவில்லை, உலகமே பார்க்கச் செய்தார். சட்டம் என்ன விலை சொல்கிறதோ அதை முழுசாகக் கொடுத்தார்: ரெட் கார்டு, பெனால்டி, அடுத்த ஆட்டத்துக்குத் தடை. அவர் இல்லாத அரையிறுதியில் உருகுவே நெதர்லாந்திடம் 3-2 என்று தோற்றது. பெனால்டியை வெளியே அடித்தது ஜியான். அதற்கு இவர் என்ன செய்வார் என்றேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கையை மன்னிச்சிடலாம்டா, அந்தக் குதியை மன்னிக்க முடியாது.”

அதே ஜியான், சற்று நேரத்தில் ஷூட்அவுட்டில் கானாவின் முதல் அடியைத் தானே எடுத்துப் போட்டார் என்பதை நாம் இரண்டு பேருமே அன்று பேசவில்லை. நானாக இருந்தால் பந்து இருந்த பக்கம் திரும்பியிருக்கவே மாட்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து கத்தாரில் மறுபடி அதே இரண்டு நாடுகள். மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று சுவாரஸ் முந்தின நாளே சொல்லிவிட்டார். கானாவுக்கு மறுபடி பெனால்டி, மறுபடி வீண். உருகுவே 2-0 என்று ஜெயித்தும், அதே குரூப்பின் இன்னொரு ஆட்டத்தில் தென் கொரியா போர்ச்சுகலைக் கடைசி நேரத்தில் வென்றுவிட, இரண்டு நாடுகளும் வெளியே. பெஞ்சில் சுவாரஸ் சட்டையால் முகத்தை மூடி அழுகிறார், தோற்ற கானாக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நீ போன் போட்டு, “கடவுள் இருக்காரு” என்றாய். கடவுளுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், குரூப் எச் பட்டியலையா பார்த்துக்கொண்டிருப்பார் என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய்.

டீக்கடையில் சுவாரஸ் ஆட்களைக் கடித்த கதையையும் இழுத்துவிட்டார்கள். அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. பக்கால் என்கிற ஆளைக் கடித்து ஏழு ஆட்டம் தடை, இவானோவிச்சைக் கடித்துப் பத்து ஆட்டம், 2014 உலகக் கோப்பையில் கியெல்லினியின் தோள். ஒன்பது சர்வதேச ஆட்டத் தடை, அதோடு நாலு மாதம் கால்பந்து வாடையே கூடாது. கடிபட்ட கியெல்லினியே தண்டனை ரொம்ப அதிகம் என்றார். தடை இருக்கும்போதே பார்சிலோனா வாங்கியது தனிக் கதை. கடித்தால் கோல் வருமா, ஆட்டம் மாறுமா? ஜிடான் 2006 ஃபைனலில் மாடரஸியை நெஞ்சில் முட்டியதும் இந்த ஜாதிதான். ரத்தம் கொதித்துப் புத்தி போன நேரம். அவர்களைத் திட்டலாம், தண்டிக்கலாம், வாதாட ஒன்றுமில்லை.

எனக்கு நிஜமாகவே வயிறு எரிவது பிரேசிலின் ரிவால்டோவைப் பார்த்துத்தான். 2002 உலகக் கோப்பை, துருக்கியோடு ஆட்டம். கார்னர் அடிக்க நின்றவர்மேல் ஒருவன் பந்தை உதைத்தான். பட்டது தொடையில். இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். அந்தத் துருக்கிக்காரனுக்கு ரெட் கார்டு. பிறகு ரிவால்டோவுக்கு அபராதம் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் உலகக் கோப்பை பிரேசில் கையில். ரெஃப்ரியின் கண்ணை வைத்தே இன்னொருவனை வெளியே தள்ளுவது இருக்கிறதே, அது ஆட்டத்தில் சேர்த்தியா?

பிரான்ஸின் ஹென்றி 2009இல் அயர்லாந்துக்கு எதிராகக் கையால் பந்தை அடக்கிக் கொடுத்து கல்லாஸ் கோல் போட்டபோதும் அப்படித்தான். கை பட்டது உண்மை, ஆனால் நான் ரெஃப்ரி இல்லையே என்றார், எல்லாம் முடிந்த பிறகு. மரடோனா 1986இல் கையால் போட்டுவிட்டு, வந்து கட்டிப்பிடியுங்கள், இல்லாவிட்டால் கோல் கொடுக்கமாட்டார்கள் என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த மரடோனாவைச் சாமியாகக் கும்பிடும் நாப்போலி ஊரிலேயே, 2012இல் லாசியோ கிளப்புக்கு ஆடிய ஜெர்மனிக்காரர் க்ளோசே கோல் போட்டதும் ரெஃப்ரியிடம் போய், என் கையில் பட்டது என்று சொல்லிக் கோலை ரத்து செய்ய வைத்தார். அந்த ஆட்டத்தில் லாசியோ 3-0 தோல்வி. டீக்கடையில் இதைச் சொன்னேன். “அதான் தோத்தான்” என்றான் நம்மூர் கேப்டன்.

சட்டத்தையே மாற்றினால் என்ன என்று ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் ஒருவர் கேட்டார். கூடைப்பந்தில் வளையத்துக்குள் இறங்குகிற பந்தைத் தட்டிவிட்டால் அது விழுந்த கணக்குத்தான். ரக்பியிலும் பெனால்டி டிரை என்று ஒன்று உண்டு; தடுத்திருக்காவிட்டால் வந்திருக்கும் புள்ளியை ரெஃப்ரியே கொடுத்துவிடுவார். கால்பந்தில் மட்டும், உறுதியாக விழ வேண்டிய கோலைப் பறித்துக்கொண்டு, அதற்குப் பதில் இன்னொரு வாய்ப்பு என்கிறோம். அது நியாயமான கேள்விதான். சுவாரஸுக்காக நான் வாதாடிய வாதத்தில் பாதி அங்கேயே பிசுபிசுத்துப் போனது. விலை கொடுத்தார், சரி, அந்த விலை சரியா என்று நான் கேட்கவே இல்லையே.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பாய். இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. புதன்கிழமை மண்டிக்கு வந்தான். “சார், ஆடுனது தப்புங்களா, சொன்னது தப்புங்களா?” என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மாப்ளே, எதை எழுத உட்கார்ந்தேனோ அதை நாலு பக்கமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது நடந்த ஜோனல் ஃபைனல். நீ கீப்பர், நான் லெஃப்ட் பேக். ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் முன்னால். அந்த நெட்டைப் பையன் அடித்த பந்து உன் கையில் பட்டு நழுவியது, நீ பின்னால் பாய்ந்து அமுக்கினாய். ரெஃப்ரி எங்கேயோ இருந்தார். மூச்சு வாங்க ஓடிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைத்தான் கேட்டார்: “உள்ளே போச்சா தம்பி?” நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தேன், நம்பக்கூடிய முகம். “இல்ல சார்” என்றேன். அந்த நெட்டைப் பையன் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினான். இன்னும் மூன்று நிமிஷம் ஆட்டம் பாக்கி இருந்தது.

போன ஞாயிறு நான் கேட்டதும் அதே கேள்விதான், கிட்டத்தட்ட அதே வார்த்தை. அந்தப் பையன் எச்சில் விழுங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பந்து உன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. அது கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. 2010இல் அந்த இரண்டரை மணிக்கு நீ அந்தக் குதியைப் பற்றிச் சொன்னபோது, அன்று கப்பைத் தூக்கிக்கொண்டு நாம் கிரவுண்டைச் சுற்றி ஓடியது உன் மனதில் இருந்ததா? கோபப்படாமல் எழுது. கோபப்பட்டாலும் எழுது.

அந்தக் கப் இன்னும் ஸ்கூல் கண்ணாடி பீரோவில்தான் இருக்கிறது, காது ஒன்று உடைந்து. டிசம்பரில் வருகிறாய் அல்லவா? மாம்பழம் இருக்காது, ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்கிறேன். வரும்போது சென்ட்டும் சாக்லேட்டும் வேண்டாம். ஒரு நல்ல விசில் வாங்கி வா. என்னுடையதில் உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்துவிட்டது, ஊதினால் எனக்கே கேட்பதில்லை.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய லெஃப்ட் பேக்