அக்காவின் உயிலும் உன் அதிகாரப் பத்திரமும்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகனோடு தங்க மெல்பர்ன் புறப்படுமுன், இங்குள்ள வீட்டையும் இரண்டு ஏக்கர் செம்பனை நிலத்தையும் தம்பி கவனிக்கும்படி அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டதாகவும், அதை உயிலோடு சேர்த்து வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். பெட்டகம் என்று படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு மறைந்த என் அக்காவும் தம் உயிலைப் பெட்டகத்தில்தான் வைத்திருந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு, சாவியும் என்னிடம். ஆனால் பெட்டகம் அவர் பெயரில் மட்டும் இருந்ததால், நீதிமன்ற ஆணை இல்லாமல் திறக்க முடியாது என்று வங்கியினர் கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆணையைப் பெற மூல உயிலைக் காட்ட வேண்டும், மூலமோ பெட்டகத்துக்குள். உயிலை மட்டும் எடுக்கத் தனி அனுமதி பெற வழக்கறிஞர் ஈப்போ நீதிமன்றத்துக்கு அலைந்ததில் நான்கு மாதம் கழிந்தது.

நம் மலேசியாவில் உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டால் போதும். (சாட்சிக்கோ சாட்சியின் வாழ்க்கைத் துணைக்கோ எழுதிவைத்தது செல்லாது, தம்பியைச் சாட்சியாக்கியிருந்தால் மாற்றிவிடு.) ஆகவே அதைக் காப்பது முழுக்க நம் பொறுப்பு. எழுதியவர் வசம் கடைசியாக இருந்த மூலம் அவர் மறைவுக்குப் பின் கிடைக்காவிட்டால், அவரே அதை ரத்து செய்ய நினைத்து அழித்துவிட்டார் என்றுதான் நீதிமன்றம் முதலில் கருதும். அந்தக் கருத்தை மாற்றச் சான்று தேடி அலைய வேண்டும். அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவிடமோ உன் வழக்கறிஞரிடமோ மூலத்தை ஒப்படைத்து, ரசீதின் நகலை நிறைவேற்றுநர் கையில் கொடுத்துவிடு.

அதிகாரப் பத்திரத்தின் கதை வேறு. நில அலுவலகத்தார் ‘சூராட் குவாசா வாக்கில்’ என்று கேட்கும் அந்தப் பத்திரத்தைப் பூட்டி வைத்தால் அது வெறும் தாள்தான். 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டப்படி, வழக்கறிஞர் போன்ற தகுதியுடையவர் முன் கையொப்பமிட்டு, உயர் நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைத்த பிறகே அதற்கு உயிர் வரும். நிலத்தைப் பற்றியது என்பதால் நில அலுவலகத்திலும் ஒரு பிரதி சேர வேண்டும்.

இன்னொன்றையும் உன் கடிதத்தில் கவனித்தேன். உனக்கு நினைவு தடுமாறினாலும், நீயே போய்விட்டாலும், தம்பி இதை வைத்துச் சமாளித்துக்கொள்வான் என்கிறாய். சாதாரண அதிகாரப் பத்திரம் அப்படி நீடிக்காது. எழுதியவர் மனத்தெளிவை இழந்தாலோ இறந்தாலோ அதன் அதிகாரமும் அன்றோடு முடிந்துவிடும். முதல் நிலை வந்தால் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்; இரண்டாவதற்குத்தான் உயில். நம் தோட்டத்தில் எத்தனை பேர் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி இருந்துவிட்டார்கள், நீயும் அறிவாய்.

விமானச் சீட்டு எடுக்குமுன் இரண்டு நாள் இங்கு வந்து தங்கு. கிராண்ட்டின் (நில உரிமைப் பத்திரத்தின்) மூலத்தையும், தம்பியின் அடையாள அட்டை நகலையும் எடுத்து வா. ஈப்போவுக்கு நானே காரில் அழைத்துச் செல்கிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்