1975ல போர் முடிஞ்சுதுன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வியட்நாம் போர் பத்தி ஞாயித்துக்கிழமை வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில "1975 ஏப்ரல் 30ஓட போர் முடிஞ்சது"ன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத என்னால ஒத்துக்கவே முடியல. அதவிட வருத்தம், கட்டுரைல வியட்நாமுக்கு பக்கத்து நாடான லாவோஸ்ங்கற பேரே வரல.

லாவோஸ் மேல அமெரிக்கா போரே அறிவிக்கல. ஆனா வட வியட்நாம் தெற்குக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பின ஹோ சி மின் பாதை அந்த நாட்டு காடு வழியா போகுதுன்னு 1964லேருந்து 1973 வரைக்கும் 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டாங்க, சராசரியா 8 நிமிஷத்துக்கு ஒரு விமான லோடு, ராத்திரி பகல் பாக்காம 9 வருஷம். அதுல கிளஸ்டர் குண்டுக்குள்ள இருந்த சின்ன குண்டு மட்டும் 27 கோடி, சுமார் 8 கோடி வெடிக்காம அப்படியே மண்ணுக்குள்ள போயிடுச்சு. அந்த ஊர்க்காரங்க அத 'பாம்பி'ன்னு சொல்றாங்க. டென்னிஸ் பந்து சைஸ்ல உருண்டையா இருக்கும், சின்ன பசங்க விளையாட்டு சாமான்னு நினைச்சு எடுத்துடறாங்க. வயல்ல மண்வெட்டி பட்டா வெடிக்குது, குளிருக்கு தரைல நெருப்பு மூட்டினா அந்த சூட்டுல அடில கிடக்கறது வெடிக்குது. போர் நின்ன பிறகு மட்டும் 20 ஆயிரம் பேருக்கு மேல செத்தோ கை கால் போயோ இருக்காங்க சார், அதுல நூத்துக்கு சுமார் 40 பேர் குழந்தைங்க. நல்ல மண்ணு இருந்தும் ஆழமா உழ பயந்துட்டு ஏழையாவே கிடக்கற கிராமம் எத்தனையோ.

போன வருஷம் என் பொண்ணு என்னை லாவோஸ்ல இருக்கற லுவாங் பிரபாங் ஊருக்கு கூட்டிட்டு போனா. ராத்திரி சந்தைல ஒரு பாட்டி தரைல துணி விரிச்சு ஸ்பூன் வித்துட்டு இருந்தாங்க. குண்டோட அலுமினியத்த உருக்கி வார்த்ததாம், கைல எடுத்தா வெயிட்டே இல்ல, ஓரம்லாம் சொரசொரன்னு இருந்துச்சு. ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், ஆனா அத சாப்பாட்டுல வைக்க இன்னிக்கு வரைக்கும் மனசு வரல, சாமி ரூம்ல வச்சிருக்கேன்.

குண்டு போட்டவங்க வீட்லயும் இது முடியல. ஏஜென்ட் ஆரஞ்ச்னு செடி கொடி கருக்கற மருந்த 1971 வரைக்கும் வியட்நாம் காட்டுல தெளிச்சாங்க, அதுல கலந்திருந்த டையாக்சின்ங்கற விஷம், தெளிச்ச சிப்பாயையும் விடல. திரும்பி வந்தவங்களுக்கு கேன்சர், சர்க்கரை, ராத்திரி தூக்கமில்ல. 1991ல சட்டம் போட்டு தன் சிப்பாய்ங்களுக்கு உதவித்தொகை குடுக்க ஆரம்பிச்சாங்க, அத நான் தப்புன்னே சொல்லல, அவங்களும் பாவம்தான். ஆனா அதே மருந்தால பாதிக்கப்பட்ட வியட்நாம் ஜனங்க நியூயார்க் கோர்ட்டுக்கு போனப்போ 2005ல கேச தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஒரே விஷத்துக்கு ரெண்டு நியாயமா?

2016ல ஒபாமா லாவோஸ் போய் குண்டு எடுக்க 3 வருஷத்துக்கு 9 கோடி டாலர் தர்றதா சொன்னார், பதவில இருக்கும்போது அங்க போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர்தான், சந்தோஷமா இருந்துச்சு. ஆனா 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய திடீர்னு நிறுத்தினதும் அங்க குண்டு எடுக்கற வேலையும் கொஞ்ச நாள் நின்னுடுச்சு. பணம் வேணா நிக்கலாம், மண்ணுக்குள்ள இருக்கறது நிக்காதே.

அதனால அடுத்த ஏப்ரல்ல கட்டுரை போடறப்போ லாவோஸ்க்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்க சார். கிளஸ்டர் குண்ட தடை பண்ற 2008 ஒப்பந்தத்துல அமெரிக்கா இன்னும் கையெழுத்து போடல, நம்ம இந்தியாவும் போடல, அத ஏன்னு நம்ம எம்பிங்க கிட்ட கேட்டு அவங்க சொல்ற பதிலயும் அதே பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்