கடைப் பெயரோடு கடை திறக்கும் நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குற்றாலம் சீசன் தொடங்கினால் போதும், பத்திரிகைகளின் சுற்றுலாப் பக்கங்களில் 'இந்த ஊருக்குப் போனால் இதைச் சாப்பிடுங்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடும். ஊர், கடை, பலகாரம், கூடவே ஒரு 'ஆஹா'. அதை நம்பிப் போய் இறக்கிக் கிடக்கும் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. ருசி பற்றி எழுதியதில் பொய் இல்லை. எத்தனை மணிக்கு என்பதைத்தான் எழுதவில்லை.

தென்மாவட்டங்களில் நேரம்தான் முதல் தகவல். பரோட்டாக் கடைகள் பலவற்றில் சாயங்காலம் 5, 6 மணிக்குத்தான் கல்லில் தீ மூட்டுவார்கள். சைவ ஹோட்டலில் காலை டிபன் பத்தரையோடு சரி, சாப்பாடு 3 மணி வரை, மாலை டிபன் 4 மணிக்கு மேல். நடுவில் மூன்றரைக்கு நுழைந்தால் காபியும் ஆறிப்போன வடையும்தான். பிரியாணி தம் உடைப்பது பகல் 12 மணி வாக்கில். 3 மணிக்கு மேல் தட்டுக்கு வருவது அண்டாவின் அடி: சோறு வறண்டிருக்கும், கறி தேடினால்தான் கிடைக்கும். அதைத் தின்றுவிட்டு 'கடை முன்ன மாதிரி இல்லை' என்று எழுதுவது அநியாயம். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள 'இருட்டுக்கடை' அல்வாக் கடை சாயங்காலம்தான் திறக்கும். சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். காலையில் வந்து மதிய ரயிலில் கிளம்புகிறவருக்கு அந்தப் பெயரைச் சொல்லி என்ன பயன்?

நாளும் பார்க்க வேண்டும். முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் பல, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் திறக்காத கடைகளும் உண்டு. புரட்டாசி சனிக்கிழமைகளில் அசைவக் கடைகளில் வகைகள் குறையும். பொங்கல், தீபாவளிக்கு மாஸ்டர்களும் சப்ளையர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் சில நாள் பூட்டுதான்.

அடுத்தது இடம். மதுரையில் 'மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில்' என்று சொன்னால் ஒன்றுமே சொல்லாத மாதிரி. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. கீழமாசி வீதிக் கடையைத் தேடி மேலமாசி வீதியில் நின்றால் பாதி ஊரைச் சுற்ற வேண்டும். கோயிலுக்குள் புகுந்து குறுக்கே போகலாம் என்றால் செல்போனை உள்ளே விட மாட்டார்கள். 'விளக்குத்தூணிலிருந்து இந்தத் திசையில், இத்தனையாவது கடை' என்று எழுதினால் வெளியூர்க்காரர் தானே வந்துவிடுவார். பெயர்பெற்ற கடை என்றால் அதே பெயரில் முன்னால் ஓர் எழுத்தோ இனிஷியலோ மாற்றி நாலு கடை இருக்கும். நாலிலும் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற பலகை தொங்கும். போர்டில் இருப்பதை அப்படியே, இனிஷியல் உட்படக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'இங்க நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?' என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு ஏசியும் கார் நிறுத்த இடமும் வேண்டும் என்று நினைத்துப் பெரிய கட்டடத்தைத்தான் கை காட்டுவார்கள். 'ராத்திரி டிபனுக்கு நீங்க எங்கண்ணே போவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், பதிலே வேறாக இருக்கும். ஜவுளிக்கடை ஊழியர், மருந்துக்கடைக்காரர், பணி முடிந்து டிப்போவிலிருந்து வெளியே வரும் கண்டக்டர் எல்லாம் தினம் கைக்காசில் சாப்பிடுகிறவர்கள். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற மோட்டலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது டிரைவர் தேடிப் போகிற கடை அல்ல, பஸ் நின்றாக வேண்டிய கடை.

சொல்கிறவர்கள், தட்டில் வருவது எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா அளவில் சிறியது, எண்ணெயில் பொரித்தது, விளிம்பு நொறுங்கும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஒரு நிமிடம் ஊற விட்டால்தான் அதற்கு ருசி. மதுரைப் பரோட்டா மாதிரி பூவாகப் பிரியும் என்று எதிர்பார்த்துப் போனவர் 'கல்லு மாதிரி இருக்கு' என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார். அசைவ மெஸ்களில் சாப்பாடு போட்டதும் சுக்கா, ஈரல், மீன் என்று கிண்ணங்களை அடுக்கிய தட்டை நீட்டுவார்கள். அது சாப்பாட்டோடு சேர்ந்தது அல்ல, ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எடுக்குமுன் கேட்டுவிட்டால் கல்லாவில் வாக்குவாதம் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லும்போது, ஆம்லெட் போடுகிற அதே கல்லில்தான் தோசையும் வார்க்கிறார்களா என்று குறிப்பிடுவது நல்லது. பெண்களோடும் குழந்தைகளோடும் வருகிறவர்களுக்குக் கழிப்பறை உண்டா இல்லையா என்பது ருசியைவிட முக்கியம். ருசியான சின்னக் கடைகள் பலவற்றில் இருக்காது.

இணைய வரைபடத்தில் கடைப் பெயரோடு தெரியும் 4.2, 4.3 நட்சத்திர மதிப்பெண் எல்லாம் பல வருடத்துக் கூட்டுச் சராசரி. பரோட்டா மாஸ்டரோ குழம்பு, கறி வைக்கிற சரக்கு மாஸ்டரோ வேறு கடைக்குப் போனால் மறுநாளே கைப்பக்குவம் மாறிவிடும், சராசரி மாற மாதக்கணக்காகும். அதனால் விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, கடைசி 2 மாதத்தை மட்டும் படியுங்கள். அதிலும் 'பார்சல் லேட்' என்பதை ஒதுக்கிவிட்டு, நீங்கள் சாப்பிடப்போகும் பண்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் எழுதும்போதும் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எதைச் சாப்பிட்டீர்கள், என்ன விலை என்று நாலு விவரம் போதும். ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு 'எல்லாமே சூப்பர்' என்று எழுதுகிறவரை நான் நம்புவதில்லை.

ஊருக்கு வாங்கிப் போகும் பண்டங்களில், பொட்டலத்தின் முன்பக்கத்து ஊர்ப் பெயரைவிடப் பின்பக்கத்து முகவரியும் தயாரித்த தேதியும்தான் முக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர்களை அச்சிட்டுவிட்டு வேறெங்கோ செய்த சரக்கும் பஸ் நிலையங்களில் விற்பனையாகிறது. அல்வா வெளியில் சில நாள் தாங்கும். பால்கோவா தாங்காது, பயணத்தின் கடைசி நாளில் வாங்குங்கள்.

உணவு கெட்டுப்போயிருந்தால் மட்டும் நட்சத்திரத்தில் கோபத்தைக் காட்டிப் பிரயோசனமில்லை. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அதோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பலாம். தங்கள் நாளிதழ் அடுத்த முறை இப்படிப் பெட்டிச் செய்தி போடும்போது, 'ஆஹா'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேரத்தையும் வீதியையும் விடுமுறை நாளையும் அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மதுரை